நம் வீட்டுக்கு மட்டும் வராத அறிவிப்பு

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்திருந்தபோது நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். அந்த மேசையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். நான் ரசம் வேண்டும் என்று கிண்ணத்தை நீட்டினேன். சொல்லாமல் விட்ட அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ரம்யா முதல் தடவையாக நம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். உன் பெரியப்பாவை நான் கூப்பிடவில்லை, உன் அம்மா கூப்பிட்டிருந்தாள். இலை போடும்வரை ரம்யா கூடத்துக் கண்ணாடித் தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே இருந்த தவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், எஷ்டு க்யூட்டா இருக்காரு! கைய விரிச்சுட்டு அப்டியே மெதக்கறாரு. இது குட்டியா?" என்று கேட்டாள். கன்னடம் பேசும் வீட்டுப் பெண், உனக்காகக் கற்றுக்கொண்ட தமிழில் ஒரு தவளையை 'அவர்' என்றாள். குட்டி இல்லை, முழுசாக வளர்ந்ததே கட்டைவிரல் அளவுதான், ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும் ஆப்பிரிக்கச் சாதி, பெயர் செக்ரெட்டரி என்று சொன்னேன். சாப்பிட உட்கார்ந்த பிறகும் அவளுக்கு அதே பேச்சு. "நாங்க இவரக் கூட்டிட்டுப் போலாமா? நாங்க குடிபோகப் போற ஹெப்பகோடி வீட்ல ஹால் காலியாத்தான் இருக்கு" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா திறந்துவிட்டார். "அவங்கிட்டயா? நல்ல ஆளப் பாத்தம்மா! ஒரே நாள்ல அஞ்சு தவளைய மேல அனுப்பினவன் இவன். மொதல்ல உன்னப் பத்திரமாப் பாத்துக்கோ!" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "ஆமா ரம்யா, உயிருள்ள எதையும் என் கைல குடுக்காத. செடி கூட வேணாம். இது அப்பாகிட்டயே இருக்கட்டும், அவர்தான் கரெக்டா வளப்பாரு." ரம்யா விளையாட்டாக, "அப்போ கொழந்த?" என்றாள். நீ சிரிக்கவில்லை. "அத அப்பறம் பேசலாம்" என்று மோர் செம்பை இழுத்துக்கொண்டாய். அந்தப் பெண் உன்னைப் பார்த்தாள், பிறகு ஏனோ என்னைப் பார்த்தாள். நான் ரசம் கேட்டது அப்போதுதான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் செத்த அந்த ஐந்து தவளைகளையும் கொன்றது நீ அல்ல. நான். அது அன்று மாலையே எனக்குத் தெரியும்.

இதை உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம், இப்படி ஊருக்குப் படிக்கக் கொடுக்க வேண்டியதில்லை என்று நீ நினைப்பாய். தனியாகச் சொன்னால் நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். தவிர, உன்னை நான் தனியாகக் குற்றம் சொல்லவில்லை. கல்யாண வீடு, காதுகுத்து, தீபாவளி என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னேன். உன் பெரியப்பாவின் வாயில் அந்த நகைச்சுவையைப் போட்டதே நான்தான். ஆகவே இது அவர் சந்தா கட்டிப் படிக்கிற பத்திரிகையிலேயே வரட்டும் என்று அங்கே அனுப்பியிருக்கிறேன். இதில் அவருக்கு வைக்கிற சூடும் கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. எங்கள் அப்பாவின் அரசுக் குடியிருப்பைக் காலி செய்த வருடம் உன் பெரியப்பா செய்த காரியத்தை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் அது வேறு கதை.

தவளைகளை வாங்கியபோது உனக்குப் பதினாறு வயது. அல்சூர் ஏரிக்குப் போகிற தெருவில் ஒரு மீன் கடை, அதாவது வளர்ப்பு மீன் விற்கிற கடை. நான் மீன் வாங்கித்தரத்தான் உன்னைக் கூட்டிப்போனேன். நீ மூலையில் இருந்த தொட்டி முன்னால் நின்றுவிட்டாய். பழுப்பு நிறத்தில், புள்ளி போட்ட சின்னச் சின்னத் தவளைகள் அடியிலிருந்து மேலே வந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி கீழே போய்க்கொண்டிருந்தன. "தவளைக்குப் போய் யாராவது காசு குடுப்பாங்களா? மழை பெஞ்சா நம்ம தொம்மலூர்ல சும்மாவே வரும்" என்றேன். கடைக்காரர் என்னை விட்டுவிட்டு உன்னிடம் பேசினார். "தம்பி, அதெல்லாம் வேற, இது வேற. இதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. மோந்து மோந்துதான் திங்கும். மீனோட போட்டா மீனு எல்லாத்தையும் தின்னுட்டு இத பட்னி போட்டுடும். தனியா வெச்சுக்கோ. தண்ணி மட்டும் உஷாரு. கொழாத் தண்ணிய அப்டியே ஊத்தாத, ஒரு நாள் பக்கெட்ல நிக்கட்டும். மருந்து வாசன போவணும்." நீ அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாய். பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னதைக்கூட நீ அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

ஆறு வாங்கினோம். அதில் கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு மற்றவற்றைக் காலால் தள்ளிவிடுகிற ஒன்றுக்கு நீ செக்ரெட்டரி என்று பெயர் வைத்தாய். அப்போது நான் நம் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். பெயர்க் காரணத்தை உன் அம்மா பிறகுதான் என்னிடம் சொன்னாள். கோபம் வந்தது. நியாயமான பெயர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பதவியை நான் ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. என் தொழிற்சாலையில் எனக்குக் கீழே வேலை பழகியவன் அந்த வருடம் எனக்கு மேலே போய் உட்கார்ந்தான். காலையில் அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் என் நாற்காலிக்குப் போக வேண்டும். அங்கே நான் ஒருவருமில்லை. நாற்பத்திரண்டு வீடுகள் உள்ள இந்தக் கட்டடத்தில் மட்டும் நான் எழுதிய தாள் செல்லும். லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் யாரும் படிப்பதில்லை என்று கூட்டத்தில் சண்டை போட்டு, ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கு அடியிலும் தாளைத் தள்ளுகிற முறையைக் கொண்டுவந்தவனே நான்தான்.

அடுத்த வருடம், நீ இரண்டாம் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கும்போது, பொறியியல் நுழைவுத் தேர்வு எழுத மாட்டேன், விலங்கியல் படிக்கப் போகிறேன் என்றாய். நான் உன்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேச்சை நிறுத்தினேன். உன் தாத்தா என்னிடம் செய்ததும் அதுதான். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த அந்த மனிதர் ஒருமுறை அரையாண்டுத் தேர்விலிருந்து முழுப் பரீட்சை வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அது எப்படி இருக்கும் என்று தெரிந்தேதான் உனக்குச் செய்தேன். நீ இரண்டடி தள்ளி நிற்பாய், நான் உன் அம்மாவைப் பார்த்து, "அவங்கிட்ட சொல்லு, ஃபேன ஆஃப் பண்ணிட்டுப் போவச் சொல்லு" என்பேன். அவள், "ஏங்க, அவன் என்ன டெல்லியிலயா இருக்கான்? நீங்களே சொல்லுங்களேன்" என்பாள். நான் பேப்பரைத் திருப்புவேன். நீ ஃபேனை நிறுத்திவிட்டுப் போவாய். இப்படிப் பத்தொன்பது நாள்.

பதினெட்டாவது நாள் ஒரு சனிக்கிழமை. அந்த வாரம் டேங்கரில் வந்த தண்ணீரில் சாக்கடை நாற்றம். மூன்றாவது மாடியில் இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. கோடைக்காலம், காவேரித் தண்ணீர் எப்போதாவதுதான் வரும், தரைக்கு அடியில் இருக்கும் சம்ப் தொட்டியை டேங்கர்தான் நிரப்பும். அதைக் கழுவவைத்து, புதுத் தண்ணீர் நிரப்பி, வழக்கத்தைவிடப் பல மடங்கு பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றச் சொன்னேன். காலை ஆறு மணிக்கு நான் எழுதிய அறிவிப்பை எடுத்துக்கொண்டு மேல்மாடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கதவாகக் குனிந்து தள்ளிக்கொண்டே வந்தேன். நாற்பத்தொரு கதவு. நாற்பத்திரண்டாவது நம் கதவு. என் வீட்டுக்கு நானே எதற்கு அறிவிப்புத் தள்ள வேண்டும்? குடிக்கவும் சமைக்கவும் நமக்குக் கேன் தண்ணீர்தான். மிஞ்சிய தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

நீ தொட்டி முன்னால் இருந்தாய். செக்ரெட்டரியின் முதுகில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தது. அதைப் பழைய தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொண்டிருந்தாய். பரீட்சை நெருங்குவதால் தொட்டியை ஒரேயடியாகக் கழுவி முழுத் தண்ணீரையும் மாற்றப்போவதாக உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். என் காதில் விழுந்தது. இந்தத் தண்ணீரை எடுக்காதே என்று ஒரு வரி சொன்னால் போதும். என் மௌனத்துக்குப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது, நீ முதலில் இறங்கி வரட்டும் என்று இருந்தேன். உன் அம்மாவிடம் சொல்லி உனக்குச் சொல்லச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு யாரோ கீழேயிருந்து "செக்ரெட்டரி சார்!" என்று கூப்பிட்டார்கள். போய்விட்டேன். அதன்பின் நினைவில்லை. நினைவில்லை என்பது உண்மை, ஆனால் அதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை.

நீ சனிக்கிழமை மதியம் இரண்டு பக்கெட் பிடித்து பால்கனியில் வைத்தாய். முழுசாக ஒரு நாள் நிற்கவிட்டாய். கடைக்காரர் சொன்னபடி, நோட்டில் எழுதியபடி, ஒரு தவறும் செய்யவில்லை. நீ தொட்டியில் ஊற்றிய ஞாயிறு மதியத்துக்குள் வாசனை கிட்டத்தட்டப் போயிருந்திருக்கும், மருந்து போகவில்லை. அவ்வளவு போட்டிருந்தேன். அதே மதியம் ஆள் வரவில்லை என்று இரண்டாவது தவணையை நானே கரைத்து சம்ப்பில் ஊற்றினேன். மாலை ஐந்து மணிக்கு மேலே வந்தபோது நீ கூடத்தில் ஒரு சின்ன வலையோடு நின்றிருந்தாய். ஐந்தும் வயிறு மேலாக மிதந்தன. அவை உயிரோடு இருக்கும்போது மிதப்பது வேறு மாதிரி. நீதான் முதலில் பேசினாய். "அப்பா, தண்ணில எதாவது இருந்துச்சா?" என்றாய்.

நீ இறங்கி வந்துவிட்டாய், பார். பத்தொன்பது நாளாக நான் காத்திருந்தது அதற்குத்தான். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "தண்ணிய நிக்க வெச்சு ஊத்தணும்னு தெரியாதா? அவசரம். எல்லாத்துலயும் அவசரம்." நீ, "வெச்சேம்பா, நேத்துலேந்து வெச்சேன்" என்றாய். "வெச்சிருந்தா ஏன் சாவுது? ஆறு தவளையக் காப்பாத்தத் துப்பில்ல, இவரு ஜுவாலஜி படிக்கப் போறாராம்." இதைச் சொல்லும்போது என் விரல்களில் பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் போட்ட அதே சட்டைதான், பையில் அந்தத் தாள் இருந்தது. வாக்கியத்தின் பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மீதிப் பாதியைப் புரிந்துகொண்டுதான் சொன்னேன்.

நீ அழவில்லை. அவற்றை ஒரு தேங்காய் ஓட்டில் எடுத்துக்கொண்டு போய்க் கீழே செம்பருத்திச் செடி ஓரம் புதைத்துவிட்டு வந்தாய். மறுவாரம் நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தாய். ஏன் மனம் மாறினாய் என்று உன் அம்மா கேட்டதற்கு, "அப்பா சொல்றது கரெக்ட்தான்மா. எனக்கு அது வராது" என்றாய். நான் அடுத்த அறையில் இருந்தேன். மகனே, இதை எழுதக் கை வரவில்லை, ஆனால் இதை விட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த மாதம் சங்கக் கூட்டத்தில், தண்ணீர் விஷயத்தில் உடனே செயல்பட்டு எல்லா வீட்டுக்கும் எச்சரிக்கை கொடுத்ததற்காக எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை வாங்கி மடித்து அலமாரியில் வைத்தவன் நீ. அடுத்த தேர்தலில் அதே ஆட்கள் என்னைத் தோற்கடித்தார்கள். அது எனக்கு இன்றுவரை எரிகிறது, ஆனால் சால்வை அதைவிட எரிகிறது.

உன் அம்மாவுக்குத் தெரியும். எதிர் வீட்டுக்காரி இரண்டு நாள் கழித்துப் பேச்சுவாக்கில், "சார் எழுதியிருந்தாரே, ரெண்டு நாளைக்குக் குளிக்க மட்டும்தான்னு" என்று சொல்லியிருக்கிறாள். உன் அம்மா வந்து என் முன்னால் நின்றாள். "எல்லா வீட்டுக்கும் போட்டீங்களாமே. நம்ம வீட்டுக்கு ஏன் போடல?" நான் பேப்பரைத் திருப்பினேன். "அவங்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சை முடிந்தது. கல்லூரி முடிந்தது. வேலை கிடைத்தது. அவள் உன்னிடம் சொல்லவும் இல்லை, என்னை மன்னிக்கவும் இல்லை. நானாகச் சொல்ல வேண்டும் என்று ஒன்பது வருடம் காத்திருந்தாள். அவளும் பேசாமல் இருந்தே என்னைத் தண்டித்தாள். ஆனால் அதை அனுபவித்தவன் நீ. இதற்காக அவள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. ஞாயிறு நீ ரம்யாவைக் கொண்டுவிடப் போனபிறகு பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "கொழந்த கூட வேணாங்கறான், பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

டப்பாவில் இருந்த செக்ரெட்டரி பிழைத்துவிட்டது. நீ அதன் பக்கமே போகவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். பாசத்தால் என்று நினைத்துவிடாதே. உன்னால் முடியாதது என்னால் முடியும் என்று காட்டுவதற்காக. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் தொட்டி முன்னால் நிறுத்தி, "பையன் அஞ்ச சாகடிச்சான். இது என் கைல இருக்கு, பாருங்க" என்பேன். ஐந்தாறு வருடம்தான் இருக்கும் என்றார்கள். இது பத்தாவது வருடத்தில் இருக்கிறது. என் பொய்க்கு ஒரு சாட்சி வேண்டும் என்று நான்தான் வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்த்தேன்.

ஆனால் தினமும் காலையில் ஒரு உயிருக்கு இடுக்கியால் புழு ஊட்டினால் வெறும் வீம்போடு அதைச் செய்துகொண்டிருக்க முடியாது. இடுக்கியை மூக்குக்கு நேராகக் கொண்டுபோனாலும் அதற்குத் தெரியாது, பக்கத்தில் இருக்கிற கல்லைக் கவ்வும், என் விரலைக் கவ்வும். பொறுமையாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சில காலைகளில் பழைய ஃப்ரிட்ஜ் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஒரு முனகல் கேட்கும். துணையைக் கூப்பிடுகிற சத்தமாம். ஒன்பது வருடமாக அந்தத் தொட்டியில் யாரும் இல்லை, அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு காபி குடிக்கிறவனுக்கு ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் உறைக்காமலா போகும்? எனக்கு உறைக்க ஒன்பது வருடம் ஆயிற்று.

உன் மேலும் எனக்குக் குறை உண்டு. கல்யாணத் தேதி குறித்துவிட்டு அதை நீ உன் அம்மாவிடம் சொல்லி எனக்குச் சொல்லச் சொன்னாய். இதே வீட்டில் மூன்று வருடமாக "சாப்ட்டீங்களா", "மாத்திரை போட்டீங்களா" தவிர என்னிடம் நீ ஒன்றும் கேட்டதில்லை. பேசாமல் இருப்பதை என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாய், நான் செய்ததில் கதவை அறைகிற சத்தமாவது இருந்தது. ரம்யாவிடம் இதைச் செய்யாதே. கோபம் வந்தால் கத்து. தட்டை வேண்டுமானாலும் உடை. அவளிடம் சொல்ல வேண்டியதை இன்னொருவர் வழியாகச் சொல்லி அனுப்பாதே. அப்படி ஒரு வீட்டில்தான் ஒரு வரி சொல்லாமல் ஐந்து உயிர் போயிற்று. நீ விலங்கியல் படித்திருந்தால் நன்றாக இருந்திருப்பாய் என்று நான் இப்போதும் நம்பவில்லை. அதற்காகவும் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 'எனக்கு அது வராது' என்று நீ சொன்னது பொய், அதை உன் வாயில் வைத்தவன் நான். உன் கையில் உயிர் தங்கும். அந்த நோட்டைப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பூஞ்சை பிடித்ததைத் தனியாக எடுத்து, பழைய தண்ணீரிலேயே வைத்துக் காப்பாற்றியவன் நீ. பத்து வருடம் உயிரோடு இருக்கிற அந்தத் தவளை என் கைராசியால் பிழைத்ததல்ல.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, பழக்கமில்லை. இதோடு அந்தத் தாளை வைத்திருக்கிறேன். ஒன்பது வருடம் என் மேசை இழுப்பறையில் இருந்தது, மடிப்பில் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. "சம்ப் தண்ணீரில் அதிக அளவு குளோரின் கலக்கப்பட்டுள்ளது. இரண்டு நாட்களுக்கு இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ, சமைக்கவோ, செடிகளுக்கோ வளர்ப்புப் பிராணிகளுக்கோ பயன்படுத்த வேண்டாம்." ஆங்கிலத்தில் எழுதியது, உனக்காகத் தமிழில் சொல்கிறேன். வளர்ப்புப் பிராணிகள் என்று நானே எழுதியிருக்கிறேன், பார். மேலே வீட்டு எண் எழுத விட்ட இடம் காலியாக இருந்தது. இன்று காலை அதில் உன் பெயரை எழுதினேன்.

வருகிற ஞாயிறு, பத்திரிகை வெளிவருவதற்கு முன்னால், இந்தக் கடிதத்தையும் தாளையும் செக்ரெட்டரியையும் எடுத்துக்கொண்டு ஹெப்பகோடி வீட்டுக்கு வருகிறேன். நீ அன்று சாமான் அடுக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பாதித் தண்ணீர் பழையது கேனில் வரும். மீதியை நீயே பிடி. அங்கே என்ன தண்ணீர், எதைக் கலக்கிறார்கள் என்று அந்தக் கட்டடத்துச் செயலாளரிடம் நீயே கேள், அவர் சொல்வதை நம்பாதே. டிசம்பர் குளிருக்கு ஹீட்டர் வேண்டும். மூடி இல்லாமல் வைக்காதே, குதித்துவிடும். நீ கதவைத் திறந்து டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு சாத்தினாலும் சரி, நான் திரும்பி பஸ் ஏறிவிடுவேன். ஆனால் இந்தத் தடவை எதையும் கதவுக்கு அடியில் தள்ள மாட்டேன். மணி அடிப்பேன்.

உன் அப்பா